ரைட்டர் ஆரம்பிக்காத நாவல்

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசியில் ஒருத்தர் எழுந்து மைக்கை வாங்கி இதைத்தான் கேட்கிறார். "சார், நாவலை முன்னாடியே ப்ளான் பண்ணிட்டு எழுதுவீங்களா, இல்ல அப்படியே இறங்கிடுவீங்களா?" போன மாசம் பெரம்பலூரில் ஒரு காலேஜில் கேட்டார்கள். எனக்கு அலுத்துவிட்டது. எழுதினதே ரெண்டு நாவல். ரெண்டும் என் கடை அலமாரியில் ஜெராக்ஸ் பேப்பருக்குப் பக்கத்தில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. இந்த லட்சணத்தில் எப்படி எழுதினேன் என்று விளக்கம் வேறு சொல்ல வேண்டுமா? வாய்க்கு வந்த ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, போட்ட சால்வையைப் பையில் திணித்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அந்தக் கேள்வியை யாராவது ரைட்டரிடம் கேட்டிருக்க வேண்டும். ராத்திரிவரை உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பார், மனுஷன்.

ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. பத்திர ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். எங்கள் பக்கம் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் எழுதிக் கொடுப்பார், பக்கத்துக் கடையில் நான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பேன். என்னைவிட நல்ல மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "யோவ் கம்ப்யூட்டரு"தான். இப்போது அவர் இல்லை. அவர் எழுத நினைத்த நாவலும் இல்லை.

அந்த நாவல் ஏன் வேண்டியிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரே தம்பி. சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரி அடித்து ரோட்டிலேயே போய்விட்டான். அப்போது அவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். அதற்கப்புறம்தான் பொண்ணு பிறந்தது. அப்பன் முகம் பார்க்காத பிள்ளை. அம்மாக்காரி குன்னத்தில் பிறந்த வீட்டோடு போய்விட்டாள். அவள் அவனோடு வாழ்ந்ததே ஒரு வருஷம் தேறாது, அதையும் வாய் திறந்து பேச மாட்டாள். பெரியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. ஆக, அந்தப் பொண்ணுக்கு அதன் அப்பனைப் பற்றிச் சொல்ல உலகத்தில் மிச்சம் இருந்தது ரைட்டர் ஒருத்தர்தான். சின்னப் பிள்ளையில் ஒருநாள் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, "எங்கப்பா எப்படி இருப்பாரு பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறது. "உங்கப்பனைப் பத்தி ஒரு புஸ்தகமே எழுதித் தரேன் பாப்பா" என்று இவர் வாயை விட்டுவிட்டார். அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் இத்தனை வருஷமும் திட்டம் போட்டார். போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார்.

எதையுமே அவர் அப்படிச் சட்டென்று தொட மாட்டார். திருச்சிக்கு ஒருநாள் போய்வர வேண்டும் என்றால் முந்தின வாரமே பேச்சு ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் ஏறுமுன் கண்டக்டரைக் கேட்பார், ஏறின பிறகு டிரைவரைக் கேட்பார், உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பார். "மூணு பேரும் ஒண்ணே சொன்னாத்தான்யா நிம்மதி." கடைக்கு எதிரே டீ குடிக்கப் போக ரோட்டைத் தாண்ட வேண்டும். நாங்கள் எல்லாம் குறுக்கே ஓடி, டீயைக் குடித்து, கிளாசைக் கழுவி வைத்த பிறகும் மனுஷன் இந்தப் பக்கமே நிற்பார். ரெண்டு பக்கமும் ரோடு துடைத்து விட்டதுபோல் காலியாக வேண்டும். எங்கள் ஊர் ரோட்டில் அது என்றைக்கு நடக்கும்? கடைசியில் டீக்கடைக்காரரே கிளாசை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

பத்திரத்திலும் அதே கதைதான். மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டார். வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும், வாரிசு சரியாக இருக்க வேண்டும். மற்ற ரைட்டர்கள் நாற்காலியை விட்டு அசையாமல் எழுதித் தள்ளுவார்கள். இவர் பார்ட்டியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய், நிலத்தில் நின்று, கிழக்கே யார் மேற்கே யார் என்று நாலு எல்லையையும் பார்த்துவிட்டு வந்துதான் பேனாவை எடுப்பார். பார்ட்டிகள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அவர் எழுதின பத்திரத்தில் பின்னால் ஒரு சண்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அது அவருக்கு ரொம்பக் கேடாகப் போயிற்று. உலகத்தில் எல்லா எழுத்தும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நம்பிவிட்டார்.

நாவலுக்கும் நாலு எல்லை பார்த்தார், ஐயா! நான் கதை அளக்கவில்லை. வீட்டில் ஒரு சுவர் முழுக்கச் சார்ட் ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டம். அந்த ஆளுக்குக் கிழக்கே யார், மேற்கே யார், வடக்கே யார், தெற்கே யார். அதற்குக் கீழே அப்பன், பாட்டன், பூட்டன். ஒரே ஒரு காட்சியில் வருகிற டீக்கடைக்காரனுக்குக்கூட மூணு தலைமுறை வாரிசு எழுதி வைத்திருந்தார்.

"அண்ணே, அந்தாளு ஒரு டீய ஆத்திக் குடுத்துட்டுப் போகப்போறான். அவன் பாட்டன் எதுக்குண்ணே?"

"நாளைக்கு அவன் பேரன் வந்து நின்னா?"

"நாவல்ல யாருண்ணே வந்து நிக்கப்போறா?"

"உனக்குத் தெரியாதுய்யா" என்றார். அவ்வளவுதான் பதில்.

நான் அதற்கு நேர் எதிர். ஒரு வரி மனசில் வந்தால் போதும், உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்துவிடுவேன். கதை எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது. பாதி வழியில் ஆளுக்குப் பேர் மாறும், ஊர் மாறும். என் முதல் நாவலை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். பத்திரம் சரிபார்க்கிற மாதிரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தார். ஒருநாள் மத்தியானம் கடைக்குள் வந்தார், பார்ட்டிகள் எல்லாம் நிற்கிறார்கள், சத்தமாகக் கேட்டார்.

"யோவ் கம்ப்யூட்டரு, மாமியார்க்காரிய போன அத்தியாயத்துலதான எரிச்சுட்டு வந்தே? இப்ப யாருய்யா இங்க ரசம் வக்கிறது?"

கடையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. வீம்புக்கு, "தப்போ சரியோ, நான் எழுதி முடிச்சேன்ல? நீங்க ஒரு வரி எழுதியிருக்கீங்களா?" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பேப்பரை மேஜைமேல் வைத்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவராகவே வந்து வடை வாங்கிக் கொடுத்தார். கோபத்தை ராத்திரிவரை வைத்திருக்கத் தெரியாத ஆள்.

வடையைத் தின்றுகொண்டே சொன்னார். "பத்திரத்துல ஒரு சர்வே நம்பர் தப்பாப் போச்சுன்னா பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுக்கலாம். ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்துப் போட்டு, சரி பண்ணிடலாம். செத்துப்போன ஒருத்தனைப் பத்தித் தப்பா எழுதிட்டா எங்கய்யா போயிப் பிழைத்திருத்தல் போடுறது?"

நான் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன்.

ஒருதடவை என்னையும் குன்னத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் மக்காச்சோளம், வெயில், தாகம். அவர் தம்பி சம்சாரம் வாசலில் சின்ன வெங்காயத்தைக் குவித்துவைத்துத் தாள் அறுத்துக்கொண்டிருந்தது. எழுந்து தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்துகொண்டது. இவர் எதிரே உட்கார்ந்து, "கல்யாணத்தன்னிக்கு அவன் போட்டிருந்த சட்டை வெள்ளையா, சந்தனக் கலராம்மா?" என்று ஆரம்பித்தார்.

அது அறுக்கிற கையை நிறுத்தாமல் சொன்னது. "எழுதறதுன்னா எழுதுங்க மாமா. போன தடவ வந்தப்ப செருப்பக் கேட்டீங்க. அதுக்கு முன்ன வந்தப்ப மீசையக் கேட்டீங்க. இன்னும் எத்தினி வருசம் கேட்டுக்கிட்டே இருப்பீங்க?"

"தகவல் தப்பாயிடக் கூடாதில்லம்மா."

"வெள்ளைன்னே வச்சுக்கங்க" என்றது. வெங்காயமோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் என்னிடம், "வெள்ளைன்னு சொல்லல, கவனிச்சியா? வெள்ளைன்னு வச்சுக்கங்கன்னுதான் சொல்லுச்சு. உறுதி இல்ல" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாமா என்று இருந்தது.

அந்தப் பொண்ணு லீவுக்கு அரியலூர் வரும்போதெல்லாம் முதல் கேள்வி, "பெரியப்பா, புக்கு?" என்பதுதான். "ஆச்சு பாப்பா. ப்ளான் முடிஞ்சிருச்சுன்னா எழுதறது ஒரே மாசம்." பத்தாவது முடித்தபோது இதே பதில். நர்சிங் சேர்ந்தபோது இதே பதில். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போன பிறகு வந்தது, பெரியப்பாவுக்கு பிரஷர் பார்த்தது, மாத்திரையைச் சரியாகப் போடச் சொல்லித் திட்டியது, சாப்பிட்டது, கிளம்பியது. புக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் ஒருதடவையும் கேட்கவில்லை.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் பிள்ளைக்கு நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு நான் ரைட்டரைச் சத்தம் போட்டேன். "உங்களுக்கு என்னண்ணே கேடு? ஒரே ஒரு வரி எழுதுங்க. 'எனக்கு ஒரு தம்பி இருந்தான்'னு எழுதுங்க. மீதி தானா வரும்."

"அதான்யா பயம்" என்றார். "தானா வந்துரும். ஆரம்பிச்சா நிறுத்த முடியாது."

பைத்தியக்காரப் பதில் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்தப் பொண்ணுக்கு ஓமனில் நர்ஸ் வேலை கிடைத்தது. கிளம்புகிற வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைக்கு வந்தது. பத்திர ஆபீஸ் லீவு, தெருவில் ஆள் இல்லை. பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு, "மாமா, பெரியப்பாவ வரச் சொல்லியிருக்கேன்" என்றது. அவர் வந்தார். பிள்ளைக்குக் கொடுக்க முறுக்கும் எள்ளுருண்டையும் பையில் வைத்திருந்தார். அவரைப் பிடித்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தது.

"பெரியப்பா, நீங்க எழுத வேணாம். வாயில சொல்லுங்க, மாமா அடிக்கட்டும். எவ்ளோ வருதோ அவ்ளோ நான் கையோட எடுத்துட்டுப் போறேன். அங்க எனக்கு யாரையும் தெரியாது. ராத்திரி ரூமுக்கு வந்தா படிக்க ஏதாவது வேணும்."

"இன்னும் ரெண்டு தகவல் பாக்கி இருக்கு பாப்பா. எங்க தாத்தாலேர்ந்து ஆரம்பிச்சாத்தான்..."

"தாத்தா வேணாம். எங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரில் புதுப் பக்கத்தைத் திறந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அரியலூர் மாவட்டம், அரியலூர் வட்டம், மேற்படி கிராமத்தில் வசித்து வந்த காலஞ்சென்றவரின் இளைய குமாரர் ஆகிய..."

"அண்ணே, இது கிரயப் பத்திரம்ண்ணே" என்றேன்.

பொண்ணு சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார், பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கேர்ந்து ஆரம்பிச்சாலும் அந்தக் காலையிலதான் வந்து நிக்கிதுய்யா. நானும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். அன்னிக்கு ஒரு பார்ட்டி சீக்கிரம் வரச் சொன்னாங்கன்னு அவசரமாக் கிளம்பி வந்தேன். வந்து பாத்தா கண்ணாடிய வூட்டுலயே வச்சுட்டேன். கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழுத்து தெரியாது. பக்கத்து வூட்டுக்குப் போன் போட்டு, தம்பிகிட்ட குடுத்து அனுப்பச் சொன்னேன். அவனுக்குக் காய்ச்சல், படுத்துக் கெடந்தான். எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். நான் சொன்னா எந்திரிச்சு வந்துருவான். வந்தான். பாதி ரோடு வந்தான்."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"ப்ளான்ல எதை வேணா மாத்தலாம். கல்யாணத்த முன்னாடி வக்கலாம், பின்னாடி வக்கலாம். எப்படிப் போட்டாலும் அந்த எடத்துல நான்தான் போன் பண்றேன். பண்ணாம இருக்கறதுக்கு ஒரு வழி கெடைக்கலய்யா. அதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். இத இந்தப் புள்ள கையில எப்படிய்யா நான் எழுதிக் குடுப்பேன்?"

இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த மனுஷனைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். பொண்ணு ஜெராக்ஸ் பேப்பர்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி விஷயம் தெரியும் பெரியப்பா" என்றது.

"என்னாது?"

"அம்மா சொல்லியிருக்கு. நான் ஸ்கூல் படிக்கறப்பவே. பக்கத்து வூட்டுலேர்ந்து வந்து சொன்னப்ப அம்மா அங்கதான இருந்துச்சு. வண்டிச் சாவிய எடுத்துக் குடுத்ததே அம்மாதான்."

அவர் இப்போதுதான் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏன் பாப்பா ரெண்டு பேரும் ஒரு தடவகூட என்னைய ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்கறது? லாரி அடிச்சா லாரிதான் அடிச்சுச்சு." அதற்கு மேல் பிள்ளைக்கும் தாங்கவில்லை, குரல் உடைந்துவிட்டது. "எங்கப்பா செத்த கதை எனக்கு மொத்தமும் தெரியும் பெரியப்பா. எந்த எடத்துல விழுந்தாரு, செருப்பு எங்க கெடந்துச்சு, யாரு தூக்குனாங்க, எல்லாம் தெரியும். நான் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராச்சும் ஒருத்தர் புடிச்சு வச்சு அதத்தான் சொல்லுவாங்க. அவரு உசுரோட இருந்த கதையத்தான் இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல."

ரைட்டர் அழுதார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொண்ணு எழுந்து போய் அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எத்தனை பேரை அப்படிப் பிடித்திருக்குமோ.

துண்டை இறக்கினபோது முகம் வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு பாட்டிலை மூடத் தெரியாமல் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கேர்ந்து சொல்ல பாப்பா?"

"எங்கேர்ந்து வேணாலும் சொல்லுங்க."

மூடியைத் திருகி பாட்டிலை மூடினார். பிறகு, யாரோ எதிரே உட்கார்ந்து தின்பதைப் பார்க்கிற மாதிரி, லேசாக ஒரு சிரிப்பு வந்தது அவர் முகத்தில்.

"உங்கப்பனுக்கு தோசையில ஓரம் மட்டும்தான் வேணும். முறுமுறுன்னு இருக்கறத சுத்திப் பிச்சுத் தின்னுட்டு, நடுவுல இருக்கறத அப்படியே தூக்கி என் தட்டுல போட்டுடுவான், திருட்டுப்பய."

நான் அடித்தேன். பொண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தது.

"அப்பறம்?" என்றது.